படகுத்துறையில் கூப்பிட்ட பெயர்

நண்டுக் கொட்டகையில் வெர்டெல் லீவு கேட்டால் மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "யாரு?" என்று கேட்பார். யார் செத்தது என்று அர்த்தம். அவள் லீவு எடுத்ததெல்லாம் சாவுகளுக்குத்தான். அந்த அக்டோபர் மாதப் புதன்கிழமைக்குக் கேட்டபோதும் அவர் அப்படியே கேட்டார்.

"யாருமில்ல. என் தங்கச்சி படம் எடுக்கறா. எம் பொண்ணு அதுல நடிக்கறா," என்றாள்.

எஃகு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் கத்திகள் ஒரு நிமிடம் நின்றன. ஆவியில் வெந்த நண்டுகள் நடுவில் சிவப்பு மலையாகக் குவிந்திருந்தன. ஓட்டைப் பெயர்த்து, செவுளைச் சீவித் தள்ளி, கால் முளைக்கும் இடத்துச் சதையை உடையாமல் எடுத்து டப்பாவில் போட வேண்டும். பேச்சுக்காகக் கை நிற்பது அங்கே அபூர்வம். எதிரே உட்கார்ந்திருந்த பெர்னல்தான் முதலில் வாயைத் திறந்தாள். தேவாலயத்தில் சமையல் பொறுப்பும் அவளுடையது என்பதால் எல்லோரும் அவளை சிஸ்டர் பெர்னல் என்பார்கள்.

"நண்டு உரிக்கற சீன் இருந்தா சொல்லு வெர்டெல், நாங்க சும்மாவே நடிச்சுத் தரோம். இங்க குடுக்கற கூலிக்கு இதுவும் நடிப்புதான்."

மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெர்டெலின் தங்கை அயோனி, கருப்பர்கள் வாழும் அந்தக் கடலோரத் தீவை ஆறு வயதிலேயே விட்டுப் போனவள். அம்மா இறந்ததும் அட்லாண்டாவில் இருந்த உறவுக்காரி ஒருத்தி கூட்டிப் போய் வளர்த்தாள். படித்தாள், தலையை ஒட்டக் கத்தரித்துக்கொண்டாள், கேமராவைத் தோளில் போட்டாள். இப்போது தன் நண்பன் ஒமாரியோடு திரும்பி வந்து, தீவைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. சிறிய முன்னோட்டம் ஒன்றை எடுத்து, சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு விற்பனை வைத்து, சாப்பிட வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டி ஆதரவு கேட்பது அவள் ஏற்பாடு. படகு வைத்திருப்பவர் படகு தரவேண்டும், பழைய வீடு வைத்திருப்பவர் வீட்டைத் திறந்துவிட வேண்டும், பாடத் தெரிந்தவர்கள் பாடவேண்டும். கருப்பர்கள் எடுக்கும் படங்களுக்கு உதவும் ஒரு குழுவிலிருந்து ஆல்தியா என்ற அம்மாளும் அட்லாண்டாவிலிருந்து பார்க்க வருகிறாள். எல்லோரும் கை கொடுத்தால் குளிருக்கு முன்னால் படம் முடியும். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் கெசியா வளர்ந்துவிடுவாள்.

கெசியா வெர்டெலின் மகள். பன்னிரண்டு வயது. போனும் கையுமாக அலைவாள். வெண்டைக்காயைக் கண்டால் தட்டை நகர்த்திவிடுவாள்.

கதை ஒரு பெண் 'தேடப் போவதை'ப் பற்றியது. முன்பெல்லாம் அந்த வயது வந்ததும் பிள்ளைகள் தனியாகக் காட்டுக்கோ தண்ணீர்க் கரைக்கோ போய் ஜெபம் செய்வார்கள். தேடிப் போய்க் கண்ட கனவை வந்து சபையில் சொன்ன பிறகுதான் ஞானஸ்நானம். வெர்டெலும் தேடியவள்தான். அவளுக்கும் அயோனிக்கும் நடுவில் பிறந்த லூசீலும் தேடப் போனாள், விடியலில், பழைய படகுத்துறைக்கு. ஏறி வந்த அலை அவளைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அந்தத் தீவில் யாரும் பிள்ளைகளைத் தேட அனுப்பவில்லை.

படத்தில் வரும் பெண்ணுக்கு லூசீல் என்றுதான் பெயர் என்று அயோனி சொன்னாள்.

"வேற பேரே கெடைக்கலையா உனக்கு?"

"அவ முகமே எனக்கு ஞாபகம் இல்லக்கா. இத்தன வருஷத்துல நீ ஒருதடவகூட அவ பேரச் சொன்னதில்ல. படத்துலயாவது யாராவது கூப்பிடட்டுமே."

வெர்டெல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் அயோனி.

புதன்கிழமை காலையிலேயே துறைக்குப் போனார்கள். அயோனி ஒரு சட்டம் போட்டாள். படப்பிடிப்பு முடியும்வரை கெசியாவை யாரும் கெசியா என்று கூப்பிடக்கூடாது, சாப்பிடக் கூப்பிட்டாலும் லூசீல்தான். அப்போதுதான் பிள்ளை அதற்குள்ளேயே இருப்பாளாம். ஒமாரி ஒரு குட்டி மைக்கைக் கெசியாவின் சட்டைக் காலரில் குத்தினான். துறையில் மிச்சமிருந்தது நான்கைந்து தூண்களும் ஒரு பலகையும்தான். சுற்றிலும் சதுப்புப் புல் பழுத்து மஞ்சளாக நின்றது. ஓக் மரக்கிளைகளில் தாடி தாடியாகத் தொங்கிய பாசி காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் வெர்டெலுக்கு அந்தப் பெயர் வாயில் ஒட்டவில்லை. "ஏய், இந்தா, வா" என்றே மகளை ஓட்டினாள். மத்தியானம் தக்காளியில் கிளறிய சிவப்புச் சோற்றையும் பொரித்த மீனையும் எடுத்து வைத்தபோது, "லூசீல், வந்து சாப்டு" என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் வாய்க்குள் ஏதோ இனித்தது. பிறகு காரணம் இல்லாமலும் கூப்பிட்டாள். லூசீல், தொப்பியப் போடு. லூசீல், கால நனைக்காத. அயோனி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பொழுது சாய்ந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத கொசுக்கள் புல்லிலிருந்து கிளம்பிக் காதையும் கழுத்தையும் கடித்தன. கடைசிக் காட்சியில் கெசியா பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எடுத்து முடித்ததும் சாமான்களை அள்ளிப்போட்டுக்கொண்டு எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள். கெசியா மட்டும் அசையவில்லை.

தண்ணீர்க் கரையிலிருந்தோ கல்லறையிலிருந்தோ பிள்ளையோடு கிளம்பும்போது அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தீவில் யாரும் வண்டியை எடுப்பார்கள். பிள்ளை மடியிலேயே இருந்தாலும் கூப்பிட வேண்டும். உடம்பு தானாக வந்துவிடும். உள்ளே இருப்பதற்குத்தான் சொல்லியாக வேண்டும். வெர்டெல் இதை யோசித்துச் செய்ததே இல்லை, தும்முவது போல அது தன்னால் வரும். அன்றும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கொசுவை விரட்டியபடி, எப்போதும் போலக் கூப்பிட்டாள். பிள்ளை எழுந்து வந்தது.

அன்று இரவு கெசியா வெண்டைக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"அலைஞ்ச பசி," என்றான் ஒமாரி.

வியாழக்கிழமை காலை அவள் போன் மேசையிலேயே கிடந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. வடக்கே லாரி ஓட்டப் போயிருந்த அப்பாதான் கூப்பிட்டிருந்தார். கெசியா அது ஏதோ பூச்சி என்பது போல அந்தச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்டெல் கெசியா என்று கூப்பிட்டாள், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் நல்ல பிள்ளையாகச் சிரித்தாள். அவள் படுத்திருந்த அறையின் தரையில் கட்டிலிலிருந்து கதவுவரை ஈரக் கால்தடம் இருந்தது. குளித்துவிட்டு வந்திருப்பாள் என்று வெர்டெல் துடைத்துவிட்டாள். துடைத்த துணியில் சேற்று வாடை அடித்தது.

அன்று வேலை முடிந்து வந்தபோது கெசியா சமையலறைச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெறும் சுவர். இடுப்பு உயரத்தில் கையை நீட்டி எதையோ தேடினாள், பிடி கிடைக்காதவள் போல. பின்கட்டுக் கதவு ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருடம் அதை அடைத்துப் பூசிவிட்டார்கள். அப்போது கெசியா பிறந்திருக்கவில்லை.

வெர்டெல் நேராக அயோனியிடம் போனாள். அவள் திண்டுகளைக் குவித்து உட்கார்ந்து கணினியில் முன்னோட்டத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள், காதில் பெரிய கருப்பு ஹெட்ஃபோன்.

"பிள்ளைக்கு என்னடி சொல்லிக் குடுத்த? லூசீல் மாதிரி நட, லூசீல் மாதிரி சாப்டுன்னு?"

அயோனி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "நான் என்னத்தக்கா சொல்லிக் குடுக்கறது. லூசீல் எப்படிச் சாப்டுவான்னு எனக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா?"

அதுவும் சரிதான். வெர்டெல் சமையலறைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுநாள் விற்பனைக்காக வெர்டெல் பிள்ளைக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். வாசலின் நீலம் பூசிய கூரைக்குக் கீழே, மேல்படியில் வெர்டெல், இரண்டு படி கீழே அவள் முழங்கால்களுக்கு நடுவில் பிள்ளை. எண்ணெய் தடவி, வகிடு எடுத்து, முதல் பின்னலைத் தொடங்கியதும் பிள்ளையின் கை பின்னால் வந்து வெர்டெலின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் எலும்பைச் சுற்றி வளையம் போல இறுகின.

கெசியா தலை பின்னும்போது கையில் போன் இருக்கும். கணுக்காலைப் பிடிப்பவள் வேறொருத்தி. அம்மா வேலைக்குப் போன சாயங்காலங்களில், இதே படியில், வெர்டெல் இழுத்துப் பின்னும்போது வலி தாங்காமல் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள். அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மண்ணுக்குள் இருந்தாள்.

வெர்டெல் பின்னுவதை நிறுத்தவில்லை.

"வெர்டீ, இறுக்கிப் பின்னாத," என்றது பிள்ளை.

எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியிருந்தது. வெர்டெல் எழுந்து ஓடியிருக்க வேண்டும், அயோனியைக் கூப்பிட்டிருக்க வேண்டும், ஜெபமாவது சொல்லியிருக்க வேண்டும். எதையும் செய்யாமல், "சரிடீ, மெதுவாத்தான் பின்னறேன்" என்றாள். பின்னினதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். வெளிச்சம் முழுதும் போகும்வரை அந்தத் தலையை அவள் முடித்துக் கொடுக்கவில்லை. அப்படியானால் தன் வயிற்றில் பிறந்தவள் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி ஒருதடவை நெஞ்சில் எழுந்தது. அதை எண்ணெய்க் கையால் தள்ளி வைத்தாள்.

சனிக்கிழமை விடியலிலிருந்தே தேவாலயத்தின் பின்னால் சிஸ்டர் பெர்னலின் எண்ணெய்ச் சட்டிகள் கொதித்தன. மீனைச் சோள மாவில் புரட்டிப் போட ஒருத்தி, எடுக்க ஒருத்தி, தட்டில் சிவப்புச் சோறும் கீரையும் அப்பமும் வைக்க மூன்று பேர். தட்டு வாங்கியவர்கள் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். இருட்டாக்குவதற்காக ஒமாரி பாடகர் குழுவின் அங்கிகளை ஜன்னல்களில் தொங்கவிட்டிருந்தான். வெளிச்சம் பின்னாலிருந்து பட, தலையில்லாத ஆட்கள் வரிசையாக நிற்பது போலிருந்தது. முன்வரிசையில் ஆல்தியா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பக்குவமாகச் சாப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் புது உடுப்பில் கெசியா. பெர்னல் பிள்ளையின் தட்டில் வழக்கம்போல வெண்டைக்காய் இல்லாமல் வைத்தாள். பிள்ளை எழுந்துபோய்த் தானே போட்டுக்கொண்டு வந்தது. பெர்னல் அதைக் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தாள்.

அயோனி நின்று நாலு வார்த்தை பேசினாள். இது நம்ம படம், நமக்காக வேறு யாரும் எடுக்க மாட்டார்கள், காசு இல்லாதவர்கள் வாசலைத் திறந்துவிட்டால் போதும் என்றாள். கைதட்டினார்கள். வெள்ளைத் துணியில் சதுப்பு நிலம் விரிந்தது.

எல்லோருக்கும் தெரிந்த இடம்தான், ஆனாலும் பெரிதாகப் பார்த்தபோது மூச்சை இழுத்தார்கள். புல்லுக்குள் நடக்கும் பெண். தண்ணீரைப் பார்க்கும் பெண். "அது என் படகு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, "மூழ்காம இருக்கே" என்றார் இன்னொருவர், சிரித்தார்கள். கடைசியில் பலகையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். துணி கருப்பானது. முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இருட்டில் ஒரு பிள்ளை மூச்சு விடுவது கேட்டது, ரொம்பக் கிட்டத்தில். அதற்கு அப்பால் தண்ணீர். அப்புறம் தூரத்திலிருந்து வெர்டெலின் குரல், களைப்பும் பிரியமுமாக:

"லூசீல், வா. வீட்டுக்குப் போகலாம். லூசீல், இங்க நிக்காத, வா."

பலகை கிறீச்சிட்டது. ஈரமான கால்கள் தத்தித் தத்தி மைக்கின் பக்கத்தில் வந்தன. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. பிறகு ஒன்றுமில்லை. வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.

தட்டில் கரண்டி படும் ஓசைகூட இல்லை. தீவுக்காரர்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் பின்னல் போட்டு உட்கார்ந்திருந்த சிறிய தலையைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். குழந்தைகளை வைத்திருந்தவர்கள் மடியில் இழுத்துக்கொண்டார்கள்.

வெர்டெல் சுவரில் சாய்ந்து நின்றாள். கூப்பிட்டது ஞாபகம் இருந்தது. எந்தப் பெயர் என்பதைத்தான் வாய் அவளிடம் சொல்லவில்லை.

பெர்னல் மாவு படிந்த கையோடு வந்து அவள் எதிரே நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"வெர்டெல், நீ யாரக் கூட்டிட்டு வந்த?"

வெர்டெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார விட்டுட்டு வந்த?"

ஆல்தியா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குரலில் தனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றும், அதை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது, தன் குழுவுக்கு அதைத்தான் போட்டுக்காட்டப் போவதாகவும் அயோனியின் கையைப் பிடித்துச் சொன்னாள். அயோனிக்கு முகம் மலர்ந்தது. பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சனம் ஏன் இப்படி அசையாமல் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வெர்டெல் சொன்ன பிறகுதான் புரிந்தது. "நீ வேணும்னே அந்தப் பேரச் சொன்னன்னு நெனச்சேன்க்கா. எனக்காக," என்றாள். தீவில் ஆறு வயதுவரை அவளையும் அப்படிக் கூப்பிட்டுத்தான் கூட்டி வந்திருப்பார்கள். ஆனால் ஆறு வயதில் யார் அதைக் கவனித்தார்கள்.

"அவ பேரச் சொல்லக் கூடாதுன்னு இல்லடி," என்றாள் வெர்டெல். "அன்னிக்கு அவள அங்கேர்ந்து தூக்கிட்டு வந்தப்ப யாரும் கூப்பிடல. அம்மாவுக்கு அழுது அழுது குரல் போயிடுச்சு. எனக்கு வாயே வரல. உடம்ப மட்டும் கொண்டுவந்து பொதைச்சோம். அவ அங்கயே உக்காந்திருந்திருக்கா, யாராவது கூப்பிடுவாங்கன்னு. கூப்பிட்டதும் வந்துட்டா."

பின்சீட்டில் பிள்ளை ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை.

"அப்ப கெசியா?" என்றாள் அயோனி.

வெர்டெல் துறைப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் ஏறும் நேரம் அது.

அப்போதே துறைக்குப் போகலாம் என்று அயோனி துடித்தாள். வெர்டெல்தான் வேண்டாம் என்றாள். வந்தவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது போலச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அது மட்டும்தான் காரணமா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அன்று பிள்ளையைத் தன் பக்கத்தில் படுக்க வைத்தாள். விளக்கை அணைக்கவில்லை. கணுக்காலைச் சிறிய கை தேடி வந்து பிடித்துக்கொண்டபோது, விலக்காமல் அழுதாள். தனக்கு இரண்டு பேரும் வேண்டும் என்று தோன்றியது. வீடு ஒன்றுதான், உடம்பு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெர்னல் வாசலில் மறித்தாள். படகுக்காரர், பழைய வீட்டுக்காரர், பாடுகிறவர்கள் எல்லோரும் பேசிவிட்டார்கள். பிள்ளை திரும்பி வராமல் இந்தத் தீவில் ஒரு கதவும் படத்துக்காகத் திறக்காது. கூடவே, துணி போட்டு மூடிய ஒரு தட்டையும் நீட்டினாள். "வெண்டைக்காய் நெறைய வச்சிருக்கேன். பாவம், எப்ப சாப்ட்டவளோ."

வீட்டில் அயோனி கணினியைத் திறந்து அந்தக் கடைசிச் சத்தத்தை எடுத்தாள். ஆல்தியாவிடம் காலையிலேயே போனில் பேசியிருந்தாள். அந்தக் குரல் இல்லாவிட்டால் குழு என்ன முடிவெடுக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று அந்த அம்மாள் நல்லவிதமாகவே சொன்னாள். அயோனி ஒருதடவை, ஒரே தடவை, ஹெட்ஃபோனில் அதைக் கேட்டாள். பிறகு எல்லா இடத்திலிருந்தும் அழித்தாள்.

"நல்லா வந்திருந்துச்சுக்கா," என்றாள். வெர்டெல் அவளுடைய ஒட்டக் கத்தரித்த தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஒமாரி வண்டி ஓட்டினான். முதலில் துறைக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு விடச் சொன்னாள் வெர்டெல்.

அம்மாவின் கல்லறை மேல் அவள் கடைசியாகக் குடித்த கோப்பையும் நின்றுபோன கடிகாரமும் வெள்ளைச் சங்குகளுக்கு நடுவில் இருந்தன. பக்கத்தில் சின்னக் கல்லறை. அதில் பல் போன ஒரு சீப்பு. பிள்ளைக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நேராக நடந்து அம்மாவின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தது. வெர்டெல் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் மண்டியிட்டாள்.

"லூசீல், அம்மா இங்கதான் இருக்கா. அன்னிக்கே உன்ன இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்."

பிள்ளை கோப்பையை எடுத்துப் பார்த்தது. இருந்த இடத்தில் சரியாக வைத்தது. வெர்டெலின் கணுக்காலில் விரல்கள் வந்து சுற்றின.

"வெர்டீ, நீ?"

"நான் மெதுவா வரேன். எம் பொண்ணு தனியா இருக்கா."

ஓக் இலை ஒன்று கடிகாரத்தின் மேல் விழுந்தது. பிறகு விரல்கள் விட்டன, ஒவ்வொன்றாக, மனமில்லாமல். கடைசி விரல் விட்டதும் பிள்ளையின் தலை முன்னால் சாய்ந்தது.

கிளம்பும்போது வெர்டெல், அயோனி வா, ஒமாரி வா என்று கூப்பிட்டாள். பிள்ளையைக் கைப்பிடித்து நடத்தினாள். பிள்ளைக்குக் கூப்பிட ஒரு பெயரும் இருக்கவில்லை. ஒன்றைச் சொல்லக்கூடாது, இன்னொன்று அங்கே இல்லை.

அந்த வழி ரொம்ப நீளமாக இருந்தது. பின்சீட்டில் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டி குலுங்கினால் குலுங்கியது, திரும்பினால் சாய்ந்தது. கை சூடும் இல்லை, குளிரும் இல்லை, யாரோ கழற்றி வைத்த கையுறை போல. ஒமாரி முன்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான், பின்னால் தெரியாதபடி. அயோனி முணுமுணுவென்று எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெபமா என்று கேட்டால், அவளுக்கு ஜெபம் தெரியாது. கெசியா, கெசியா என்றுதான் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள், வாய் தவறிவிடக் கூடாது என்று.

துறையில் தண்ணீர் வெகுதூரம் இறங்கியிருந்தது. சேற்றில் ஆயிரம் ஓட்டைகளில் குட்டி நண்டுகள் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் புல்லின் நுனியில் மட்டும் இருந்தது. வண்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு, அன்று நின்ற இடத்திலேயே வெர்டெல் நின்றாள். ஆளில்லாத பலகையைப் பார்த்தாள்.

"கெசியா, வா. வீட்டுக்குப் போகலாம்."

குரல் தண்ணீர் மேல் போய்த் திரும்பவில்லை.

"கெசியா, இங்க நிக்காத. வாம்மா."

பலகை அசைந்தது போலிருந்தது. அசையாதது போலவும் இருந்தது. புல்லுக்குள்ளிருந்து ஒரு நாரை எழுந்து பறந்தது, அதன் கால்கள் பின்னால் தொங்கின. அம்மாவுக்கு அன்று போன குரல் இன்று தனக்கும் போகிறது என்று வெர்டெல் பயந்தாள். போனால் அவ்வளவுதான். காறி, விழுங்கி, பிள்ளை பிறந்த அன்று அதன் காதில் முதன்முதலாகச் சொன்ன மாதிரி, சத்தமில்லாமல், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"கெசியா ஜாய்."

சேற்றுக்குள் கால் புதைந்து எழும் சத்தம் பலகைப் பக்கத்திலிருந்து வந்தது. ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது, தத்தித் தத்தி, எரிச்சலாக. அவர்களைத் தாண்டியது. வெர்டெலின் முழங்கையில் ஈரமாக எதுவோ உரசியது.

பின்சீட்டில் யாரோ பட்டென்று கழுத்தில் அறைந்துகொண்டார்கள்.

"ஐயோ, இந்தக் கொசு." கெசியா கழுத்தைச் சொறிந்துகொண்டே அவர்களைப் பார்த்தாள். முகம் அழுகைக்குக் கோணியது. "எவ்வளவு நேரம்மா கத்தறது? நீங்க எல்லாரும் வண்டில ஏறிப் போனீங்க. என் எடத்துல யாரோ உக்காந்திருந்தா. நான் கத்திக்கிட்டே இருந்தேன், நீ என் பேர ஒருதடவகூட சொல்லல."

வெர்டெல் அவளை வெளியே இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு கழுத்தில் சுடச் சுடப் பட்டது. தலைமுடியில் உப்பு வாடை. அயோனி அவர்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒமாரி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

"பசிக்குது," என்றாள் கெசியா. பிறகு, "படம் இருக்கா, இல்லையா?"

"தெரியல," என்றாள் அயோனி. "கதவத் தட்டிப் பாக்கறேன், தெறந்தா எடுக்கறோம். ஆனா அந்தப் பொண்ணுக்கு வேற பேரு வைக்கணும். உசுரோட இருக்கறவங்களுக்கும் இல்லாத, செத்தவங்களுக்கும் இல்லாத பேரு."

"சிஸ்டர் பெர்னல் பொரிக்கற சட்டிக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க," என்றாள் கெசியா. மூக்கு ஒழுகச் சிரித்தாள்.

கிளம்ப வேண்டும். தண்ணீர் திரும்பும் நேரம் ஆகிவிட்டது. வெர்டெல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கெசியா வா. அயோனி வா. ஒமாரி வா. எல்லோரும் ஏறினார்கள். அவள் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருடமும் இந்தத் துறையைக் கடக்கும்போதெல்லாம் உடம்பில் ஏதோ ஒன்று பின்னால் தங்கிவிட்டது போல இருக்கும். இப்போது பலகை காலியாக இருந்தது. அது நிம்மதியாகவும் இருந்தது, யாருமில்லாததாகவும் இருந்தது. கணுக்காலில் வளையம் போல ஒரு குளிர் இன்னும் சுற்றியிருந்தது. அப்படியே நின்றாள்.

வண்டிக்குள்ளிருந்து அயோனி எட்டிப் பார்த்தாள். ஆறு வயதில் போனவள், இந்த வழக்கத்தில் வாய் பழகாதவள். தயங்கித் தயங்கி, சரியாகச் சொல்கிறோமா என்று தெரியாமல், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூப்பிட்டாள்.

"வெர்டெல் அக்கா, வா. வீட்டுக்குப் போகலாம். இங்க நிக்காதக்கா."

வெர்டெல் வந்து ஏறிக்கொண்டாள்.